மொத்தோத்துவா நிறுத்தம்

ஆறு ஐம்பதுக்கு வரும் பேருந்து அது.
மரக்கூடு, ஊதா அடித்தது,
முன்கண்ணாடியில் பாதியை மறைக்கும்
பிளாஸ்டிக் செம்பருத்திகள்.
ஆப்பியாவில் இடமில்லை என்று யாரையும் விட்டுப் போவதில்லை.
இடம் கிடைக்காதவர் கிடைத்தவர் மடியில் உட்காருவார்.
யார் யார் மடியிலோ உட்கார்ந்துதான்
ஒன்பது வருடமாக ஆய்வகத்துக்குப் போகிறேன்.

ஓட்டுநர் பெனியமினா.
வளைவுகளில் ஸ்டீயரிங் அவர் வயிற்றில் உரசும்.
"பிரேக் போனாலும் இது இருக்கிறது"
என்று தொப்பையைத் தட்டுவார்.
முப்பது பேர் சிரிப்பார்கள்.
நானும்தான்.

செவ்வாய்க்கிழமை என் மேசையில்
பதினேழாவது குப்பி.
சீட்டில் அவர் பெயர், அவர் ஊர், பிறந்த தேதி
(என்னைவிட நான்கே வயது மூத்தவராம்).
குலுக்கினேன். நுரைத்தது.
இருபது எண்ணினேன், ஐம்பது எண்ணினேன்.
அலை நுரை இதற்குள் உடைந்திருக்கும்.
புரதம் கசிந்த நீரின் நுரையோ
சாப்பிட்ட பிறகும் கிளம்பாத விருந்தாளி.

பழைய தாள்களைப் புரட்டினேன்.
சர்க்கரை: எல்லைக்கு ஒரு விரல் இப்பால்.
அழுத்தம்: கொஞ்சம்தான், பார்த்துக்கொள்ளலாம்.
கொழுப்பு: ஞாயிறு விருந்துக்கு மறுநாள் எடுத்தது,
அப்படித்தான் இருக்கும்.
இடுப்பளவு: நாடா எட்டவில்லை,
கட்டத்தில் வெறும் கோடு.
தனித்தனியாக விசாரித்தால் ஒருவர் மேலும் குற்றமில்லை.
ஒரே பேருந்தில் ஏறி
ஒருவர் மடியில் ஒருவராக
வந்துகொண்டே இருந்திருக்கிறார்கள்.
எல்லோருக்கும் கீழே இருப்பது யார் மடி என்று
ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை.

பல் வலித்தால் தெருவே எழும்.
சிறுநீரகம் வாயில்லா ஜீவன்.
எங்கள் மொழியில் அதன் பெயரைப் பிரித்தால்
கொழுப்பு, உள்ளே ஒரு கொட்டை.
சுமை கூடினால் அது முறையிடாது,
கூடுதலாக உழைக்கும்.
சில வருடம் அளவுக்கு மேல் வடித்துத் தள்ளும்,
அறிக்கையில் அதுவும் நல்ல எண்ணாகவே தெரியும்.
பிறகு சல்லடையில் ஒரு கண் கிழியும்.
பிறகு பக்கத்துக் கண்.

நான் அவரிடம் சொல்லக்கூடாது. விதி அப்படி.
தாளை மடித்து டாக்டரின் தட்டில் வைத்தேன்.

புதன்கிழமை காலை அவர் தொடையில்
எண்ணெய் ஊறிய காகிதம், வான்கோழி வால்,
பக்கத்தில் ஆரஞ்சு சோடா.
"எடுத்துக்கொள்" என்றார்.
எடுத்தேன்.
எனக்கு இரண்டு துண்டு என்றால்
அவருக்கு இரண்டு துண்டு குறைவு
என்று கணக்குப் போட்டேன்.
படித்தவளின் முட்டாள்தனம்
எப்போதும் இப்படிக் கணக்கோடுதான் வரும்.

அடுத்த வாரம், வியாழன்.
மொத்தோத்துவா நிறுத்தத்தில் நாணயத்தை நீட்டினேன்.
வாங்கவில்லை. இன்ஜினை அணைத்தார்.
அணைத்து நான் பார்த்ததே இல்லை.
பாட்டும் நின்றது.
வெயில் மறைப்பில் செருகியிருந்த தாளை உருவி
"டாக்டர் வரச் சொன்னார், பத்து நிமிஷமாம்,
எந்தப் பக்கம்?" என்றார்.
பின்னால் திரும்பி
"யாரும் இறங்காதீர்கள், இதோ வந்துவிடுகிறேன்."

சாவியை என் கையில் திணித்தார்.
"பையன்கள் ஓட்டிக்கொண்டு போய்விடுவார்கள்."
எனக்கு முன்னால் படி ஏறினார்.
பாதத்தில் செருப்பு வார் ஒருபக்கம் நகர்ந்திருந்தது.
அது அழுத்திய பள்ளம்
மேலே போய்ச் சேரும்வரை நிரம்பவில்லை.
"இந்தக் கட்டடத்தில் எங்கேயோ
ரத்தத்தை வெளியே எடுத்துத் துவைக்கிறார்களாமே?"
"ஆமாம்."
"வலிக்குமா?"
தாழ்வாரம் முடிந்துவிட்டது, நல்லவேளை.

எட்டரைக்கு வெளியே யாரோ ஹாரன் அடித்தார்கள்.
ஒன்பதுக்கு ஒருமுறை.
பிறகு எல்லோரும் நடந்தே போயிருப்பார்கள்.

பதினொன்றுக்கு ஒரு குப்பி வந்தது.
பெயரைப் பார்க்கத் தேவையிருக்கவில்லை.
சாவி என் கோட்டுப் பையில்.
குப்பி இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.
குலுக்காமல்
கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தேன்.