இரவல் சன்னல்

ஃபாரோ தீவுகளின் தெற்குத் துறையில்
படகுக்குக் காத்திருக்கும் கூடத்தில்
காப்பி இயந்திரத்துக்கு மேலே ஒரு திரை.
வாங்கியது நகராட்சி. ஓட்டுவது நான்.
ஊரார் தங்கள் பக்கங்களில் பதிவதை
இங்கே கொண்டுவந்து பதிக்கிறேன்.
பதிவது அவர்கள், பதிப்பது நான்.
ஒரே வேர்ச்சொல்தான்;
சம்பளம் எனக்கு மட்டும்.

ஒரு வரி நிரல் போதும்.
அது படத்தைப் பெயர்த்து எடுத்து வருவதில்லை.
படம் இருக்கும் வீட்டுச் சுவரில்
ஒரு துளை போட்டுத் தருகிறது.
யாரிடம் இதை விளக்கினாலும்
"இருக்கட்டும், படம் தெரிகிறதே" என்கிறார்கள்.

தெரியும்.
யோனாவின் ருபார்ப் பாத்தி தெரியும்,
காணாமற்போன ஆட்டுக்கடா தெரியும்,
பனிமூட்டத்தில் படகு ரத்தான நாளின் வசவுகள் தெரியும்
(வசவை வடிகட்டச் சொன்னது அலுவலகம்.
வடிகட்டி பழுது என்று சொல்லி வைத்திருக்கிறேன்).
ஹோக்னியின் சூப்பும் தெரியும்.

ஹோக்னி இழுவைக் கப்பலில் சமையற்காரன்.
பேரண்ட்ஸ் கடலிலிருந்து தினம் ஒரு தட்டு.
காட் மீன் தலை, உருளைக்கிழங்கு.
மறுநாள் அதே மீன், கிழங்கு இல்லாமல்.
கீழே ஒரு வரி:
"இன்று அலை ஒன்பது மீட்டர்.
உப்பு தானாகவே விழுந்தது."
விருப்பக்குறி மூன்று. அதில் ஒன்று
கப்பல் கம்பெனியுடையது.

செவ்வாய்தோறும் மதியப் படகுக்கு
ஒன்றரை மணி நேரம் முன்பே வந்துவிடுவாள் சுன்வா.
பல் மருத்துவரிடம் போகிறேன் என்றாள் முதலில்.
ஒருவருக்கு எத்தனை பல்தான் இருக்க முடியும்?
அவனை விட்டு வந்து ஆறு வருடம்.
பின்தொடர்ந்தால் அவனுக்குத் தகவல் போகும்.
கூடத்தில் உட்கார்ந்து நிமிர்ந்து பார்க்கக்
கணக்குத் தொடங்க வேண்டாம்;
கணக்குக் கேட்பாரும் இல்லை.

சூப் சுற்றி வரும்போது
அவள் பின்னல் ஊசி நிற்கும்.
ஏழு வினாடி.
நான் அதைப் பத்தாக்கினேன்.
அவள் கேட்கவில்லை. நான் சொல்லவும் இல்லை.

பிப்ரவரியில் ஒருநாள் அவன்
எல்லாவற்றையும் அழித்துவிட்டான்.
ஏனென்று தெரியாது.
குடித்திருக்கலாம். குடியை விட்டிருக்கலாம்.
சூப் இருந்த இடத்தில் சாம்பல் நிறச் சதுரம்:
"இந்தப் பதிவு இப்போது இல்லை."
பத்து வினாடி.

என் போனில் ஒரு திரைப்பிடிப்பு இருந்தது,
எழுத்தளவைச் சோதிக்க எப்போதோ எடுத்தது.
போட்டிருக்கலாம். விரல் வரை வந்தது.
திறந்தவனே சாத்த முடிந்தால் அது சன்னல்.
சாத்திய பிறகும் உள்ளே தெரிந்தால்
அதற்கு வேறு பெயர்.
(அன்றிரவு அந்தப் படத்தை
நான் இரண்டு முறை பார்த்தேன்.)

செவ்வாய் வந்தது, சுன்வா வந்தாள்.
சதுரம் வந்தது. ஊசி நின்றது.
சூப்பைவிட அதிக நேரம் பார்த்தாள்
என்றெல்லாம் சொல்ல முடியாது, பத்து வினாடிதான்.
ஆனால் படகு ஊதியும் எழவில்லை.
அடுத்த சுற்று முடியும்வரை இருந்துவிட்டு
ஓடினாள், நூலுண்டை பின்னால் உருள.

"வெறும் கட்டத்தை எடுத்துவிடவும்,
பார்க்க அசிங்கமாக இருக்கிறது" என்றது அலுவலகம்.
பார்க்கிறேன் என்று பதில் போட்டேன்.
பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

மே மாதம் ஹோக்னி கரைக்கு வந்தான்.
தாடி இல்லை. இடது கையில் கட்டு.
காப்பிக்குக் காசு போட்டுவிட்டு
மேலே காட்டிக் கேட்டான்:
"அது யாருடையது?"
"உன்னுடையது."

ருபார்ப் வந்தது, ஆடு வந்தது,
யாரோ ஒருவருடைய புதுக் கார் வந்தது.
சதுரம் திரும்பும்வரை நின்றான்.
"நல்ல இடமாகத்தான் கொடுத்திருக்கிறாய்" என்றான்.
"காப்பிக்கு நேர் மேலே."
மீதிச் சில்லறையை எடுக்காமலே போய்விட்டான்.

அன்று வியாழக்கிழமை.