பினாயில் கணக்கு

வேலூரில் ஏது குளிர் என்று சிரிக்கிறவர்கள்
மார்கழியில் விடிகாலை நாலு மணிக்கு
பாபுராவ் தெருவில் எங்கள் லாட்ஜின்
மூன்றாம் மாடிக் குழாயைத் திறந்து பார்க்கட்டும்.
பத்து விரலும் தனித்தனியாகத் தெரியும்.

பங்குனியிலிருந்து ஐப்பசிவரை
வெந்நீர் கேட்பார் இல்லை.
பச்சைத் தண்ணீரே சுடும்.
மொட்டைமாடியில் விறகு பாய்லர்
வாயில் பழைய தினசரியோடு
சும்மா நிற்கும்.

புரட்டாசி கடைசியில் ஓனருக்குப் போன் செய்தேன்.
"போன வருஷம் ஓடுச்சா?"
"ஓடுச்சு சார்."
"நடுவுல நின்னுச்சா?"
"இல்ல சார்."
"அப்புறம் இன்னாத்துக்கு சர்வீஸு?"

ஆற்காட்டிலிருந்து பேசுகிற ஜம்புலிங்கத்துக்கு
சட்டென்று சொல்ல ஒன்றும் வரவில்லை.
போன மார்கழியில் அது நிற்காததற்குக் காரணம்
போன புரட்டாசி.
இதை எப்படிப் போனில் சொல்வது?

ஆனாலும் கௌஸ் வந்தார்.
கொசப்பேட்டையிலிருந்து டிவிஎஸ் ஃபிஃப்டியில்
காலிடுக்கில் சாக்குப்பை,
பின்னால் ஆளுயரக் கம்பி பிரஷ் ஆட ஆட.
புகைபோக்கியின் தொப்பியைக் கழற்றி
தோள்வரை கையை விட்டார்.
வந்தது ஒரு மைனாக் கூடு.
துடைப்பக் குச்சி, நீல நைலான் நூல்,
நடுவில் சுற்றியிருந்தது
ஆஸ்பத்திரிக் கைப்பட்டை ஒன்று.
பெயர் வெயிலில் போய்விட்டது.
வயது மட்டும் இருந்தது: 6.
கௌஸ் பார்த்தார். நான் பார்த்தேன்.
"பறந்துடுச்சு சார், காலிக் கூடுதான்" என்றார்.
எதைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

"இத்தோட பத்த வெச்சிருந்தா
பொகை மேல போவாது,
பக்கத்து ரூமுக்குத்தான் போவும்."
பக்கத்து ரூம் முப்பத்தொன்று.
குளிருக்கு ஜன்னலை இறுக்கிச் சாத்திக்கொண்டு
தூங்குகிற ரூம்.

பிறகு கரி, அரை மூட்டை.
பிறகு சேஃப்டி வால்வு;
மூன்று தட்டுத் தட்டியதும்
பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டது.
பிறகு உள்ளே, போன வருஷம் கை எட்டாத மூலையில்
போர்த்தண்ணி விட்டுப்போன உப்பு.
ஆசிட் நுரைத்து அடங்கியதும் உளியால் பெயர்த்தார்.
ஓடு ஓடாக விழுந்தது,
வெள்ளையும் பழுப்பும் வரி வரியாக.
உள்ளங்கையளவு ஒன்றை நான் எடுத்துக்கொண்டேன்.

கூலியும் சாமானும் இரண்டாயிரத்து நானூறு.
மேஜைப் பணத்தில் கொடுத்துவிட்டு
பினாயில், துடைப்பம், இதர
என்று எழுதினேன்.
அந்த மாதம் நாங்கள்
கோட்டையையே கழுவி விட்டிருக்கலாம்.

மார்கழியில் முப்பத்தொன்றுக்கு வந்தவர் ஹால்தார்,
மால்டா பக்கம்.
மனைவிக்கு ரத்தத்தில் என்னவோ.
எனக்குத் தெரிந்த வங்காளம் மூன்று சொல்:
எவ்வளவு, நாளைக்கு, வெந்நீர்.
"கொரொம் ஜொல்?" என்றார், நாலு மணி இருட்டில்.
மேலே கை காட்டினேன்.
ஆவி பறக்கும் வாளியோடு போனார்.
துண்டைப் பிழிகிற சத்தம் கேட்டது.
மறுபடி பிழிகிற சத்தம்.
அந்த அம்மாள் ஏதோ சொன்னாள்,
அவர் சன்னமாகச் சிரித்தார்.

அவ்வளவுதான்.
தூங்கினார்கள், எழுந்தார்கள்,
ஆறு மணி டோக்கனுக்கு
மஃப்ளர் சுற்றிக்கொண்டு நடந்து போனார்கள்.
இதற்கு லெட்ஜரில் பத்தி கிடையாது.

தை பிறந்து ஓனர் கணக்குப் பார்க்க வந்தார்.
பில் பறக்காமலிருக்க வைத்திருந்த
உப்புத் துண்டைத் தூக்கினார்.
"இன்னாய்யா இது, கல்லு?"
"பாலாறு சார்" என்றேன்.
"தரைக்குமேல ஓடலன்னாலும்
நம்ம பாய்லருக்குள்ள ஓடிக்கினுதான் இருந்துச்சு."

சிரிக்கவில்லை.
கையில் வைத்து எடை பார்த்தார்.
வரிகளை நகத்தால் நெருடினார்.
எடுத்த இடத்திலேயே வைத்தார்,
பில்களின் மேல்.

"பினாயில் கொஞ்சம் ஜாஸ்தியா ஆவுது."
"ஆமா சார்.
வருஷத்துக்கு ஒரு வாட்டி."