காலி வண்டியின் எடை

நெல்லிக்குப்பம் ரயிலடிக்கு எதிரே
ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம்.
பதினேழு வருடமாக இந்த ஊர் கேட்பதையெல்லாம்
தட்டச்சு செய்பவன் நான்.
சாதிச் சான்று, வாரிசுச் சான்று,
புயலில் போன கூரைக்கு நிவாரணம்,
ஒருமுறை, களவுபோன எருமைக்குப் புகார்.
நேற்று வந்ததுபோல் ஒன்று வந்ததில்லை:

எல்லோர் வயிற்றுக்குள்ளும்
கேட்காமலே ஊறுகிற ஒன்றை
ஊசியில் போட்டுக்கொள்ள
அனுமதி வேண்டி.

விண்ணப்பதாரர் க. தமயந்தி, வயது இருபது.
பளுதூக்குதல், அறுபத்து மூன்று கிலோ பிரிவு.
மருந்து: இன்சுலின். நாளுக்கு நான்கு முறை.
எப்போதிலிருந்து: ஒன்பது வயதிலிருந்து.
எதுவரை:
அந்தக் கட்டத்தில் என் விரல் நின்றது.
"உசுரு இருக்கிற வரைக்கும்னு போடுங்கண்ணே"
என்றாள், பண்ருட்டிக்கு ஒரு டிக்கெட்
கேட்பதுபோல.

தடை செய்தவற்றின் பட்டியல் நீளம்.
சதை பிடிக்க ஊசி போடுகிறவர்களும் இருக்கிறார்களாம்,
ஒரு குறையும் இல்லாத உடம்பில்.
அவர்களுக்காக எழுதிய பட்டியலில்
இவள் மருந்தும் உட்கார்ந்திருந்தது,
சாட்சி சொல்ல ஸ்டேஷனுக்குப் போனவனை
திருடர்களோடு ஒரே பெஞ்சில் வைத்த மாதிரி.

கடலூர் பெரியாஸ்பத்திரி டாக்டரின் கையெழுத்து
எனக்குச் சிரமமில்லை;
பழைய கிரயப் பத்திரம் படித்த கண்.
தடையில்லாத மாற்று மருந்து உண்டா?
இல்லை.
இயல்பான உடல்நிலைக்குத் திரும்புவதற்கு மேல்
இம்மருந்து திறனைக் கூட்டுமா?
உரக்கப் படித்துக் காட்டினேன்.
"இயல்புன்னா எத்தன கிலோண்ணே?"
கிண்டலா, கேள்வியா, தெரியவில்லை.

அவள் அப்பா கலியமூர்த்தி
சர்க்கரை ஆலை எடைமேடையில் சீட்டுப் போடுகிறவர்.
உள்ளே வராமல் வாசலில் நின்றபடியே சொன்னார்:
"லோடோட வர்றப்ப ஒரு எடை.
கரும்ப எறக்கிட்டுப் போறப்ப ஒரு எடை.
காலி வண்டியக் கழிச்சாத்தான் சார் கரும்பு.
டயரு, டீசலு, டிரைவரு எல்லாம் அதுலயே போயிரும்.
இந்த ஊசியும் வண்டிக் கணக்கு.
கழிச்சிட்டுப் பாக்கச் சொல்லுங்க,
மிச்சம் அவ தூக்குனது."

அதை அடிக்கப் பார்த்தேன்.
கட்டம் ஆங்கிலம்தான் வாங்கும்.
டயர் என்று அடித்தேன். அழித்தேன்.
டாக்டர் எழுதியபடியே விட்டுவிட்டேன்:
கூட்டாது.

ரத்தப் பரிசோதனைத் தாள்கள்
ஒவ்வொன்றாக ஸ்கேனரில் ஊர்ந்தன.
எட்டாவது தாளில் அவள் பேச்சு குழறியது.
கழுத்தெல்லாம் வேர்வை.
விரலைக் குத்தினாள். கருவி ஐம்பத்தாறு என்றது.
நூறு கிலோவைத் தலைக்கு மேல் நிறுத்துகிற கைக்கு
பை ஜிப் திறக்கவில்லை.
டீக்கடைக்கு ஓடினேன்.
அரை டம்ளர் சர்க்கரை, மேலே தண்ணீர்.
கரைவதற்குள் குடித்துவிட்டாள்.

ஆலையில் அரவைக் காலம்.
மார்கழிக் காற்றில் ஊர் முழுக்கப் பாகு வாடை.
அவள் கண் தெளியும்வரை
சும்மா இருக்க முடியாமல்
பட்டியலை மேலும் கீழும் உருட்டினேன்.
சர்க்கரை அதில் இல்லை.

பிறகு மௌஸை அவளே வாங்கி
சமர்ப்பி என்பதை அழுத்தினாள்.
வட்டம் சுற்றியது.
ஒரு சரக்கு ரயில் முழுதாகப் போய்
கேட் திறக்கும்வரை சுற்றியது.
கடைசியில் ஓர் எண்.
நிலை: பரிசீலனையில்.

கட்டணம் அறுபது ரூபாய்.
கலியமூர்த்தி எழுபது வைத்தார்.
சர்க்கரைக்கான பத்தை மட்டும் திருப்பித் தந்தேன்.

கணக்கு நோட்டில்
என்ன விண்ணப்பம் என்று எழுத வேண்டும்.
மேல் வரியில், காலையில் வந்த ஓய்வூதியர்,
தான் இன்னும் இருப்பதாக
வருடந்தோறும் கொடுக்கிற உயிர்வாழ் சான்று.
பேனாவைக் கொஞ்ச நேரம் கடித்துவிட்டு
அதன் கீழே எழுதினேன்:
மேற்படி.