கொஞ்சம் வெளிச்சத்துக்கு வாங்கோ

பெரியகடையில, பித்தளைக் கடைக்கும்
கண்ணாடிக் கடைக்கும் இடையில,
மேல்மாடி.
என்ர வெள்ளைச் சேர்ட்டின் இடப்பக்கத் தோளில
எத்தினை கூறை ஏறி இறங்கியிருக்கும்?
ஒரு தை மாசம் எண்ணத் தொடங்கினனான்.
வைகாசியில கணக்கு விட்டுப்போச்சு.

நான் அமலதாஸ். குருநகர்.
எங்கட பக்கம் கலியாணம் வெள்ளை.
ஸ்ரெல்லாவின்ர சீலை
ஒரு காலமை கோயிலுக்குப் போய்வந்து
அலுமாரிக்குள்ள பூச்சியுருண்டையோட
பதினாறு வருசமாய்ப் படுத்திருக்கு.
எனக்கெண்டு ஒரு சிவப்பையும் நான் விரிச்சதில்லை.
ஆனால் என்னளவு சிவப்பு
யாழ்ப்பாணத்தில எந்தப் பொம்பிளையும்
உடுத்திருக்க மாட்டாள்.

சிவப்பெண்டு ஒரு சொல்லில விட ஏலாது.
அரக்கு. குங்குமம். மாதுளை முத்து.
வெத்திலை துப்பின சிவப்பெண்டு ஒண்டிருக்கு.
அந்தப் பேரில விலைப்படாது,
கோவைப்பழம் எண்டு சொல்லுவம்.

சனிக்கிழமை.
அளவெட்டியிலயிருந்து சிவயோகநாயகி அம்மா.
கையில போன். போனுக்குள்ள மகள்.
அங்கை நடுச்சாமம்,
குளிர்ச்சட்டைத் தொப்பிக்குள்ள ஒரு முகம்.
நாலு கூறை காட்டியாச்சு.
நாலுக்கும் ஒரே மறுமொழி:
"பாப்பம்."

அஞ்சாவது காஞ்சிபுரம்.
அரக்கு உடல், தாழம்பூக் கரை,
தலைப்பு முழுக்க இருதலைப்பட்சி.
கொய்யகம் மடிச்சு, ஊசி குத்தி,
தோளில போட்டுக்கொண்டு நிண்டன்.
போனுக்கு அரக்குத் தெரியாது,
மண்ணாக்கிக் காட்டும்.
"அண்ணை, கொஞ்சம் வெளிச்சத்துக்கு வாங்கோ."

படியால இறங்கினன்.
ஒரு கையில கொய்யகம், மற்றக் கையில தலைப்பு,
காலில செருப்பில்லை.
றோட்டு முழுக்க வெயில்.
வாழைப்பழ வண்டிக்காரன் தள்ளி இடம் விட்டான்.
காரைநகர் பஸ் மெதுவாக,
கொண்டக்டர் தலையை நீட்டிக் கேட்டான்:
"மாப்பிள்ளை எங்கை?"
எனக்கே சிரிப்பு வந்திட்டுது.
பட்சிகளும் குலுங்கின.

மகள் சிரிக்கயில்லை.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
பிறகு கேட்டாள்,
"பாரமோ, அண்ணை?"

விலை கேட்டிருக்கினம்.
சரிகை அசலோ, சாயம் போகுமோ,
சட்டைத்துண்டு சேர்த்தோ,
நெருப்பில ஒரு நூலைப் பிடிச்சுக் காட்டச் சொல்லியும்
கேட்டிருக்கினம்.
இதை ஒருத்தரும் கேட்டதில்லை.

'பஞ்சு மாதிரி, தங்கச்சி' எண்டு
வாய் தன்பாட்டில திறந்துது.
பிடரியால வேர்வை ஒரு சொட்டு இறங்கிச்சுது.
"ஓம் பிள்ளை, பாரம்தான்.
ஒண்டேகால் கிலோ வரும்.
பத்து நிமிசம் போனால் தோளை இழுக்கும்.
சரிகை கழுத்தை அராவும்."

அம்மா என்னைப் பார்த்தா.
மேல்மாடி யன்னலில முதலாளியும் பார்த்தார்.

"அப்ப, பத்து நிமிசம் நில்லுங்கோ," எண்டாள் மகள்,
"எப்பிடி எண்டு பாக்கிறன்."

நிண்டன்.
பெரியகடை நடு றோட்டில
ஒரு கலியாணத்துக்கு நான் நிண்டன்.
ரியூசன் பெடியள் சைக்கிளில ரெண்டுதரம் சுத்திவந்தாங்கள்.
ஒரு முகில் வந்து அரக்கைக் கறுப்பாக்கிப்போட்டுப் போச்சுது.
போன் பிடிச்ச கை நோக,
அம்மா மற்றக் கைக்கு மாத்தினா.
ஆறாம் நிமிசம் கிட்ட வந்து
தலைப்பின்ர நுனியைத் தன்ர கையில வாங்கினா.
தாற சாட்டில்லை, கேக்கவுமில்லை,
வாங்கினா.
பாரம் கொஞ்சம் குறைஞ்சுது.

எட்டாம் நிமிசம் பார்த்தால்
போனுக்குள்ள பிள்ளை நித்திரை.
வாய் கொஞ்சம் திறந்து,
தொப்பி ஒரு கண்ணை மறைச்சபடி.
"முகூர்த்தத்தண்டும் இவள் இப்பிடித்தான்,"
எண்டா அம்மா. போனை நிப்பாட்டயில்லை.
பத்து நிமிசமும் முடியட்டும் எண்டு
ரெண்டுபேரும் நிண்டம்.

வாங்கினது இதில்லை.
அடுத்த நாள் வந்து,
மெல்லிசாய், மாதுளை முத்து ஒண்டு,
நான் கேளாமலே
முந்நூறு ரூபாய் கூட வைச்சுப்போட்டுப் போனா.
முதலாளி மூண்டு நாள் என்னோட கதைக்கயில்லை.

அண்டு இரவு
சேர்ட்டைக் கழட்டேக்க ஸ்ரெல்லா பார்த்தாள்.
"கழுத்தில ஒரு கோடு கிடக்கு."
"என்ன நிறம்?"
"சிவப்புத்தான்."
சிவப்பில எது எண்டு கேக்க வாயெடுத்தன்.
"சோறு ஆறுது," எண்டாள்.