தண்ணீர்க் குப்பி

ஜாலான் டூத்தா ஆவணக் காப்பகத்தில்
பென்சிலுக்கு மட்டும்தான் அனுமதி.
ஏர்கோன் காற்றில் விரல் விறைத்துப்போகும்.

சங்கிலிமுத்து என்று தேடினால் இல்லை.
சங்கிலி, முத்து, எஸ். முத்து,
யாரும் இல்லை.
மூன்றாம் வெள்ளிக்கிழமை அகப்பட்டார்,
‘சங்லி மோட்டோ’வாக.
தட்டச்சு செய்தவன்
ஒருமுறையாவது உச்சரித்துப் பார்த்திருப்பானா?

தொண்டர் படை. வயது இருபத்திரண்டு.
வலது புருவத்தில் தழும்பு.
எனக்கும் அங்கேதான் தழும்பு;
சைக்கிளிலிருந்து விழுந்தது,
இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பிறகு ஒரு முழுப் பக்கம்:
அரசாங்கத் தண்ணீர்க் குப்பியைத் தொலைத்தார்.
எந்த முகாம், எத்தனை மணி, யார் சாட்சி.
சம்பளத்தில் பிடித்தம்
ஒரு வெள்ளி அறுபது காசு.
இரண்டு அதிகாரிகள் கையெழுத்து,
மை ஊறிப் பின்பக்கம் வரை தெரிகிறது.

சாவுக்கு ஒரே வரி.
‘காணவில்லை. இறந்ததாகக் கருதலாம்.’
ஒரு தாளில் ஜனவரி ஏழு,
இன்னொன்றில் ஒன்பது.
எது சரி என்று கேட்டேன்.
மேசையிலிருந்த ஷரிஃபா
இரண்டையும் விளக்கருகே பிடித்துப் பார்த்தாள்.
“இரண்டுமே அசல்தான்.”

நாள் தெரியாதவருக்கு அமாவாசை போதும் என்று
எழுபது வருடமாக எள் இறைக்கிற வீடு எங்களுடையது.

நகலுக்குப் பணம் கட்டிவிட்டு
படியிறங்கும்போதே அப்பாவை அழைத்தேன்.
எல்லாம் சொன்னேன்.
புருவம், பிடித்தம், ஏழா ஒன்பதா.
அவருடைய சித்தப்பா;
படத்தில்கூடப் பார்த்ததில்லை அவர்.

வெகுநேரம் பேச்சில்லை.
பின்னால் தொலைக்காட்சியில் யாரோ சிரித்தார்கள்.

“ஏம்மா,
அந்தக் குப்பி
கடைசியில கிடைச்சுதா?”