கிளீட்டஸாக இருந்த நாலு மாதம்

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே
டயர்க்கடை மாடியில்
நாலு மாதம் என் பெயர் கிளீட்டஸ்.

ஒன்பது சண்டை, ஒன்பதும் ஜெயம்,
ஏழு பேரை முதல் ரவுண்டிலேயே கிடத்தின
முட்டத்துக்காரன் கிளீட்டஸ்.
நான் ஜாஸ்பர்.
வாழைச்சந்தையில் ஏத்தன்குலை எடைபோட்டு
நோட்டில் எழுதுகிறவன்.
எடையும் உயரமும் அவனோடு ஒத்திருந்தது.
அவ்வளவுதான் என் தகுதி.

அவனை அடிக்க வேண்டியவன் ஷைஜின்.
"நீ அவனாட்டு நில்லு மக்கா,
மத்தத நான் பாத்துக்கிடுதேன்."

நின்றேன்.
வாழைக்கறை போகாத விரலால்
அவன் சண்டைகளை ஃபோனில் ஓட்டி,
நிறுத்தி, பின்னால் இழுத்து, மறுபடி ஓட்டி.
இடது தோள் ஒரு விரற்கடை தாழ்ந்தால்
காலைப் பிடிக்க வருகிறான்.
கண் மட்டும் தாழ்ந்தால் அது பொய்,
மேலே முழங்கை வரும்.
கூண்டோரம் ஆளைச் சாய்த்தபின்
அவசரமே கிடையாது அவனுக்கு.
கரைமடி இழுக்கிறவன்போல
கொஞ்சம் இழுப்பான், நிற்பான்,
எதிராளி மூச்சு விடுகையில்
இன்னும் கொஞ்சம்.

தூக்கத்திலும் தோளைத் தாழ்த்துகிறேனாம்,
ஜெமிலா பாயைத் தள்ளிப் போட்டுப் படுத்தாள்.

ஷைஜினை நூற்றுப் பன்னிரண்டு தடவை வீழ்த்தினேன்.
எண்ணிச் சுவரில் கரிக்கோடு போட்டது அவன்தான்.
நூற்றுப் பதிமூன்றில்
எழும்பாமல் கிடந்து சிரித்தான்.
"எலே, பிடிக்கதுக்கு முன்னால
வாயால மூச்செடுக்கான்."
"யாரு?"
"நீ."

ஃபோனை எடுத்துப் பார்த்தோம்.
கிளீட்டஸும் எடுக்கிறான்.
நான் கவனிக்காததை
என் உடம்பு எப்போதோ
கவனித்து எடுத்து வைத்திருக்கிறது.

சாம்பியனை ஜெயிக்க என்ன வேணும் என்று கேட்டால்
ஷைஜின் இப்போது மைக்கைப் பிடித்து
மனவலிமை என்கிறான்.
இருக்கலாம்.
நான் பார்த்தது,
கப்பையும் சாளைக்கறியும் மணக்கிற வீட்டில்
அவன் வெள்ளரிக்காய் கடித்துக்கொண்டிருந்ததை.
கால்வாய்க் கரையில் மழைக்கோட்டைப் போட்டு
உச்சி வெயிலில் ஓடினதை,
கடைசி முந்நூறு கிராமுக்காக
ராத்திரி முழுக்க
பிளாஸ்டிக் கப்பில் துப்பிக்கொண்டே இருந்ததை.
காதில் கட்டின ரத்தத்தைச் சிரிஞ்சில் எடுக்கையில்
அனிஷா
ரப்பர் ஷீட் எண்ணுகிற அதே முகத்தோடு
பஞ்சு பிடித்துக்கொண்டு நின்றதை.

பார்க்காதது ஒன்று.
யாரோ ஒருத்தன்
தன் நடையைக் கழற்றி வைத்துவிட்டு
இன்னொருத்தன் நடையில்
தினமும் சந்தைக்குப் போய்வந்தது.

நாகர்கோவிலில் சண்டை.
இரண்டு ரவுண்டும் கிளீட்டஸுக்கே.
ஷைஜினின் புருவம் கிழிந்து
ஒரு கண் அடைத்துவிட்டது.
மூன்றாம் ரவுண்டு, ஒரு நிமிடம் நாற்பது வினாடி.
கிளீட்டஸின் வாய் திறந்தது.
தண்ணீர்ப் பாட்டிலோடு மூலையில் நின்ற
என் வாயும் திறந்தது.
ஷைஜினின் முழங்கால்
அதற்குள் கிளம்பியிருந்தது.

விழுந்தது அவன்தான்.
வலித்தது என் தாடை, கேட்டியளா.
மண்டபமே எழும்பி நின்று கத்தும்போது
நான் மட்டும் உட்கார்ந்துவிட்டேன்.

ஷைஜினைத் தோளில் தூக்கிப் போனார்கள்.
கிளீட்டஸ் ஸ்டூலில் இருந்தான்,
கையுறையைக் கழற்ற ஆளில்லாமல்.
ஒன்பது தடவையும்
அவனைச் சுற்றி நின்ற கூட்டம்
எந்த வாசல் வழியாகப் போனதோ.
கிட்டே போய்ப் பாட்டிலை நீட்டினேன்.
குடித்தான். நிமிர்ந்து பார்த்தான்.
"நீ யாருடே?"

நாலு மாதத்துப் பதில்
நாக்கு நுனிவரை வந்தது.

"வாழைச்சந்தையில கணக்கு" என்றேன்,
இடது தோளைக்
கொஞ்சம் நிமிர்த்திக்கொண்டு.