பெருவிரல்

முதலில் வெள்ளை விழுந்தது.
ஐப்பசி. மூன்று நாளாய் விடாத மழை.
உவர்மலையில் நெருப்புக்குச்சியும் பற்றாத பின்னேரம்
அவசரப்பட்டுக் காயவைக்கிற ஸ்ப்ரே அடித்தேன்.
பசை கோபித்துக்கொண்டது.
முதிரையின் மஞ்சள் நெளிவுகள்
புரை விழுந்த கண்ணுக்குள் போய் நின்றன.

பிழை பசையில் இல்லை, காற்றில்.
இத்தனை கடலை வைத்துக்கொண்டு
காய்ந்த காற்றுக்கு எங்கே போவது?

சுரண்டினேன்.
நானூறாம் நம்பர் உப்புத்தாள்,
பிறகு கியூடெக்ஸ் அழிக்கிற தண்ணீர்,
மரம் தெரியும்வரை.
திரும்பவும் ஒரு சொட்டு சுப்பர் குளூ, மடித்த கடதாசி,
லேத் சுழல
பக்கத்தில் வாஷிங் மெஷினும் சுழல.
ஒரு பூச்சுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் ஒரு தேத்தண்ணி.
துடைத்தெறிந்த கடதாசியைத் தின்ன
மதிலோரம் மான் ஒன்று வந்தது. துரத்தினேன்.
பதினாலு பூச்சு.
பன்னிரண்டாவதில்தான் தொட்டிருக்க வேண்டும்.

கிண்ணியாவிலிருந்து பாலம் கடந்து வந்தா
நொத்தாரிசு மஸாஹிரா.
எழுதிப் பார்க்கவில்லை.
யன்னல் வெளிச்சத்தில் பேனையைச் சரித்துப் பிடித்தா.
"இதென்ன, ஆர்ட கைநாட்டு?"

பிடிக்கிற இடத்தில், பளபளப்புக்கு அடியில்,
ஐஸ்கட்டிக்குள் அகப்பட்ட மயிர்போல
அரைவட்டமாய் வரிகள்.

இருபது வருசமாய்க் காணி உறுதிகளில்
கைநாட்டு எடுக்கிற மனுசி.
கைப்பையிலிருந்து பூதக்கண்ணாடி வந்தது.
"நடுவில ஒரு வெட்டுக்காயம்.
காட்டுங்க, உங்கட பெருவிரலை."

காட்டினேன்.
காயம் இருந்தது. வரிகள் இல்லை.
ஆறு மாதப் பசை, பசையோடு உரிந்த தோல்,
அதன்மேல் அசிட்டோன்:
சவர்க்காரத் துண்டுபோல் வழுவழுப்பு.

எனக்கு அது புதினமில்லை.
ஆஸ்பத்திரி வாசலில் வரவு பதிகிற மெசின்
மூன்று கிழமையாய் என்னை எடுக்கவில்லை.
காலை ஏழு ஐம்பதுக்கு விரலை வைத்தால் சிவப்பு,
துடைத்து வைத்தால் சிவப்பு,
எச்சில் தொட்டு வைத்தாலும்.
பிரதம லிகிதர் கொப்பியில் எழுதுகிறார்: வரவில்லை.
வந்திருக்கிறன் சேர்.
மெசின் இல்லை எண்டுதே, மிஸ்.

மஸாஹிரா சிரித்தா.
"அப்ப இந்தப் பேனையைக் கொண்டுபோய் அதில வைச்சுப் பாருங்களன்."
பிறகு, முற்பணம் கட்டியவவின் குரலில்:
"எனக்குத் துப்பரவா வேணும்.
என்ட பேனையில இன்னொராள்ட கைநாட்டு இருந்தா
எந்தக் கோடு ஏத்துக்கொள்ளும்?"

வெட்கமில்லாமல் வைத்துப் பார்த்தேன் அடுத்த நாள்.
வரிசையில் பின்னால் நின்ற தாதி ஒருத்தி
"என்ன, பேனைக்கும் சம்பளமா?" என்றாள்.
சிவப்பு.

அன்றிரவு அழித்தேன்.
மரம்வரை போகத் தேவையில்லை,
என் விரல் இருந்தது இரண்டே பூச்சு ஆழத்தில்.
லேத்தை மெதுவாக விட்டு
அறுநூறாம் நம்பர் தாளைப் பட்டும் படாமலும் பிடிக்க
வெளி வரி போனது, அடுத்தது போனது,
காயம் கடைசியாய்ப் போனது.
வெள்ளைத் தூள். ஊதிவிட்டேன்.
ஈரத்தில் தேய்க்கவில்லை;
முனையால் நீர் புகுந்தால் திரும்பவும் வெள்ளை விழும்.
ஸ்ப்ரேயை அலுமாரி மேலே எறிந்தேன்.
மழை விட்ட ஒரு பகல் பார்த்து மூன்று பூச்சு,
நடுவில் ஒரு மணித்தியாலம் பொறுமை,
காசு கொடுத்து வாங்கிய நீலக் கையுறை.

மஸாஹிரா பூதக்கண்ணாடியால் சுற்றிச் சுற்றிப் பார்த்தா.
ஒன்றும் சொல்லவில்லை.
மிச்சக் காசை எண்ணி வைத்து
பற்றுச்சீட்டில் அதே பேனையால் கையெழுத்துப் போட்டா.

மார்கழி நடுவில் ஒரு காலை மெசின் பச்சை காட்டியது.
வந்திருக்கிறேனாம்.

பின்னேரம் வீடு வந்து புளியங்கட்டை ஒன்றை லேத்தில் ஏற்றினேன்.
பெட்டியில் கடைசிச் சோடிக் கையுறை.
வலதில் பெருவிரல் மட்டும் கிழிந்திருந்தது.
ஒரு பூச்சுத்தானே என்று
போட்டுக்கொண்டேன்.